நாலாம் மாடியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு

எங்கள் கல்லூரியில் சமூக சேவைக்கு மதிப்பெண் உண்டு. அதனால் எல்லோருக்கும் திடீரென்று இரக்கம் பொங்கும். ஒரு குழு கடற்கரையில் குப்பை பொறுக்கும், இன்னொன்று பள்ளிச் சுவருக்குச் சாயம் அடிக்கும். என் குழு முடி வெட்டியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முடி யார் வெட்டுவார்கள் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள். சிரித்தால் எனக்குப் பிடிவாதம் ஏறும், அது பிறவிக் குணம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த முடிதிருத்தும் கடை அண்ணனிடம் என் குழுவின் நாலு பையன்களையும் இழுத்துக்கொண்டு போனேன். மெஷினை எப்படிப் பிடிப்பது, சவரக் கத்தியை எப்படிச் சாய்ப்பது என்று அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பழகுவதற்குத் தலை கொடுத்தவர்களும் அந்தப் பையன்களேதான். கொஞ்ச நாள் அவர்கள் தொப்பியோடு வகுப்புக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானுக்குப் போவோம். அங்கே லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஃபிளாட்டுகள் வரிசையாக நிற்கும். எந்த வீட்டில் யார் எழுந்திருக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று குடியிருப்புச் சங்கத்துப் பெண் ஒருவர் சொல்வார். அப்படித்தான் ஓர் அங்கிளின் வீட்டுக்குப் போனோம்.

அவர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டியவர். பெரிய உடம்பு, பெரிய மீசை. சர்க்கரை வியாதி ஒரு காலைத் தொடையோடு எடுத்துக்கொண்டது. மற்றக் காலில் பலமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று லோரிக்கார நண்பர்கள் அவரை நாலாவது மாடிக்குத் தூக்கி வந்து கட்டிலில் விட்டார்கள். அதற்குப் பிறகு அவரவர்க்கு அவரவர் பாடு. மூன்று வருடமாக அவர் கீழே இறங்கவில்லை. மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், எங்களுக்கு அக்கா வயது, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சோறு வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள். நடுவில் அவருக்கு ஒரு ஜன்னல். அதுவும் அடுத்த பிளாக்கின் சுவரைப் பார்த்த ஜன்னல்.

முதல் நாளே, மீசையில் கை வைத்தால் கத்தியைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டினார். பையன்கள் பயந்துபோனார்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அடுத்த முறையிலிருந்து அவர் தலையை நான்தான் வெட்டினேன். வெட்டும்போது ஈப்போ ரோட்டைப் பற்றியும் தாய்லாந்து எல்லையில் கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவார். முடித்த பிறகு கிளம்ப விடமாட்டார். பின் கழுத்தில் இன்னும் முடி இருக்கிறது பார் என்பார். இருக்காது. நானும் இன்னொரு தரம் மெஷினை வெறுமனே ஓட்டுவேன்.

மகளுக்குச் செமினியில் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். தங்கமான மனிதர். அப்பாவை விட்டு எப்படி என்று அக்காதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அங்கிள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து அவளைச் சம்மதிக்க வைத்தார். மாப்பிள்ளை வீடு ஏற்கெனவே நிறைந்த வீடு. பிறகு தரைவீடு ஒன்று வாடகைக்குப் பார்த்து அப்பாவைக் கூட்டிக்கொள்வது என்று பேச்சு. அதுவரைக்கும் காப்பாரிலிருந்து அங்கிளின் தங்கை வந்து சில நாள் இருப்பார், பிறகு பக்கத்து வீட்டு ஆன்டி சாப்பாடு கொடுப்பார். கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில். அங்கிளுக்குக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டிவிடலாம் என்று உறவினர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது, கன்னத்தில் நுரையோடு, கூரையைப் பார்த்தபடி சொன்னார். “ஃபோன்ல பாத்துக்கலாமாம். யாரு கேட்டா ஃபோனு? எம்மவ கழுத்துல தாலி ஏறுறத நான் நேர்ல பாக்கணும் பிள்ள. அது ஒண்ணு போதும்.”

பார்க்கலாம் அங்கிள், நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டேன். தூக்க வேண்டிய நாலு பேரும் பின்னால் நின்று என்னை முறைத்தார்கள். ஒருவன் மட்டும், “எத்தன கிலோ இருப்பாருன்னு ஒரு வார்த்த கேட்டியா?” என்றான்.

ஆனால் நல்ல பையன்கள். கல்லூரிப் படிக்கட்டில், கடன் வாங்கிய சக்கர நாற்காலியில் எங்களில் பருமனான ஒருவனை உட்கார வைத்துப் பழகினோம். முன்னால் பிடிப்பவர்கள் குனியக் கூடாது, பின்னால் பிடிப்பவர்கள் அவசரப்படக் கூடாது, திருப்பத்தில் யார் முதலில் நகர்வது என்று எல்லாவற்றையும் பேசினோம். வளாகக் காவலாளி இரண்டு முறை எங்களை விரட்டினார். உட்கார்ந்திருந்தவன் ஒரு முறை கீழே விழுந்து, இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. எங்கள் தேவாலயத்து வேனை நான் கெஞ்சி வாங்கினேன், மாலைப் பூசைக்கு முன் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. விரிவுரையாளர் கல்லூரிப் பதாகையைக் கொடுத்து, மண்டபத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து வரச் சொன்னார். கல்யாண வீட்டில் பதாகை பிடிக்க எனக்கு வெட்கம் இருந்தது. அதை வேன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, தொலைந்துபோனது என்று பிறகு சொன்னேன்.

கல்யாணத்தன்று அவர் விடிவதற்கு முன்பே பட்டு வேட்டியில் தயாராக இருந்தார். அக்கா முந்தின இரவே மண்டபத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் பழகியபடியே இறக்கினோம், ஒரு சின்னக் குலுக்கல் கூட இல்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து ஆட்கள் பார்த்தார்கள். கீழே வந்ததும் அவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டுச் சிரித்தார். வேனில் முழு வழியும் பேச்சுதான். டிரைவர் இருக்கையில் இருந்த பையன் கியர் மாற்றுவதைக்கூட விடவில்லை, குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் பெற்றோர் இடத்தில் அக்காவின் சித்தப்பாவும் சித்தியும் உட்கார வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. மனைவி இல்லாதவர் தனியாகத் தாரை வார்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், அதில் அவருக்கு வருத்தமில்லை. முன்வரிசையில் நாற்காலியை நிறுத்தினோம். பாதபூஜைக்குத் தட்டு வந்தது. அவருக்கும் செய்யலாமே என்று யாரோ சொல்ல, உறவுக்கார அம்மா ஒருவர் குரலைத் தாழ்த்தி, “ஒத்தக் காலுக்குச் செய்யக் கூடாதுமா, நல்லதில்ல,” என்றார். தாழ்த்திய குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அங்கிள் வேட்டியை இழுத்து அந்த ஒரு பாதத்தையும் மூடிக்கொண்டார்.

அக்கா மணவறையிலிருந்து இறங்கி வந்தாள். தட்டை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்து, தரையில் உட்கார்ந்து, வேட்டியை விலக்கினாள். தினமும் கழுவிய கால்தானே. அவருக்கு எங்கே வலிக்கும், எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கிள் வாய்விட்டு அழுதார். என் பையன்களில் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போனான். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

தாலி ஏறியது. அவர் நேரில் பார்த்தார். அதற்குத்தானே வந்தோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் கிளம்பின. அக்கா என் கையைப் பிடித்து, அப்பாவைப் பத்திரமாக மேலே கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னாள், மறுவீடு முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றாள். கார் திருப்பம் தாண்டும் வரைக்கும் அங்கிள் கையை ஆட்டினார். அதன் பிறகு வேனில் அவர் பேசவே இல்லை. கியரைப் பற்றியும் பேசவில்லை.

ஃபிளாட்டுக்கு வந்து படிக்கட்டின் முன் நாற்காலியை நிறுத்திப் பையன்கள் சட்டைக் கையை மடித்தார்கள். “கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்மா,” என்றார். இருங்கள் அங்கிள் என்றேன். கார்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு பையன் கடையிலிருந்து சர்க்கரை இல்லாத தேநீர் வாங்கி வந்தான். அவர் அதை ஆற அமரக் குடித்தார். போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களை, பூனைகளை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தாமான் வீடுகளிலிருந்து வந்த ஒரு மனிதர் நின்று, நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா, எங்கோ இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். இங்கேதான் இருக்கேன் என்று அங்கிள் சொன்னார்.

எங்களுக்கு முன்பே வந்துவிட்ட அங்கிளின் தங்கை, மேலே நாலாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். தேவாலயத்திலிருந்து வேன் எங்கே என்று எனக்கு அழைப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். மறுபடியும் வந்தது. பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

இறக்குவதைப் பற்றி எத்தனை வாரம் பேசியிருந்தோம். ஏற்றுவதைப் பற்றிப் பேசியதெல்லாம் யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்பதைத்தான். மகள் இல்லாத வீட்டுக்குள் அவரை நாங்களே கொண்டுபோய் வைத்துப் பூட்டப்போகிறோம் என்று அந்த மர நிழலில்தான் எனக்கு உறைத்தது. என்ன செய்வது? என் வீட்டிலும் லிஃப்ட் இல்லை. தரைவீடு பார்க்க அக்காவுக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அடுத்த மாதத்தோடு எங்கள் செமஸ்டரும் முடிகிறது. அவரைக் கேட்காமல் அவருக்கு எதையும் செய்துவிட முடியும், இங்கேயே இருக்கிறேன் என்று அவர் கேட்டதை மட்டும் செய்ய முடியாது என்றிருந்தது.

“போலாமா அங்கிள்?” என்றேன்.

“ம்.”

தூக்கினோம். முதல் மாடி வரை ஒன்றும் இல்லை. திருப்பத்தில் நாற்காலி நின்றுவிட்டது. பின்னால் பிடித்தவன் சக்கரம் எங்கோ மாட்டியிருக்கிறது என்றான். சக்கரம் மாட்டவில்லை. அங்கிள் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தார். லோரி ஓட்டிய கை அது. பையன்கள் இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்கள், நாற்காலி அசைந்தது, அவர் கை அசையவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தூக்கியவர்களின் பிடி நழுவத் தொடங்கியது. விழுந்தால் எல்லோரும் விழுவோம்.

நான் ஒரு படி மேலே ஏறி அவர் பக்கத்தில் குனிந்தேன். அங்கிள், விடுங்க என்றேன். விடவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் எதிர்க்கவில்லை, உதவவும் இல்லை. சுண்டு விரல் வந்தது, அடுத்தது வந்தது.

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பரவால்லமா,” என்றார். “நீங்களும் வீட்டுக்குப் போவணும்ல.”

மிச்ச விரல்களையும் பிரித்துவிட்டு, பையன்களைத் தூக்கச் சொன்னேன்.