மதினி கொண்டுவந்த செவலை

மதினி போய்விட்டாள்...

இன்று விடியக்காலை. என் ஒரே அண்ணனின் மனைவி. தொண்ணூற்றெட்டு வயது.

அதற்குள் குடும்பத்தில் எல்லோரும் அவள் படத்தை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். நான் போனால் இத்தனை பேர் வைப்பார்களா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தொண்ணூற்றொன்றிலும் புத்தி இப்படித்தான் போகிறது, என்ன செய்ய.

இந்தப் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. ஆரம்பித்து வைத்தது ஒரு நாய்க்குட்டி.

யுத்தகாலம். எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். எனக்குப் பத்து வயது, மதினிக்குப் பதினேழு. கல்யாணம் முடிந்து முதல் தடவையாக இலத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பி வந்தாள். மடியில் ஒரு ஓலைப்பெட்டி. அதிரசம் என்று நினைத்து நான்தான் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன்.

உள்ளே செவலை நிறத்தில் ஒரு குட்டி. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தாய் செத்துப்போச்சாம்.

"மனுசனுக்கே அரிசி கிடைக்கல. இது என்னத்துக்கும்மா?" என்றாள் அம்மா.

"எஞ்சோத்துல பாதி அதுக்கு வச்சுக்கிடுதேன் அத்தை."

அம்மா பெட்டியை வாங்கித் திண்ணையில் வைத்தாள். அவ்வளவுதான்! நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு முதுகில் வாங்கியவள் நான். புது மருமகள் என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது...

அடுத்தது அண்ணன். குற்றாலத்தில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தான். ஊஞ்சலுக்கு ஒரு பலகை கேட்டால், "பலகை எங்கட்டி இருக்கு?" என்பான். செவலைக்கு மட்டும் துண்டுப் பலகைகள் சைக்கிளில் வந்து இறங்கின.

அடுப்படிச் சுவருக்குப் பின்னால் இடம் பார்த்தார்கள். சுவர்ச் சூடு இருக்குமாம். சாரல் ஈரம் ஏறாமல் இருக்க நாலு செங்கல், மேலே பலகைப் பெட்டி, அதற்குள் சாக்கு, சாக்குக்கு மேல் மதினியின் பழைய சேலைத் துணி. வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் அரை நாள் பேசிச் சிரித்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

செவலைக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் குடிக்கத் தெரியாது. மதினி வெதுவெதுப்பான ஆட்டுப்பாலில் விரலை முக்கி நீட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு சப்பும்.

நானும் முக்கி நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பழகிரும்ட்டி... விடு," என்று சிரித்தாள் மதினி. அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மலேரியா. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் அப்பா வண்டி கட்டி வந்து இலத்தூருக்குக் கூட்டிப்போனார். வண்டி தெருமுனை திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. இனி செவலை எனக்குத்தான் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

ஆனால் செவலை சாப்பிடவே இல்லை.

பால் வைத்தேன். கஞ்சித்தண்ணி வைத்தேன். சோற்றைக் குழைய மசித்து உருட்டி வைத்தேன். பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது, தலையைத் தூக்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன அம்மாவே குனிந்து உட்கார்ந்து, "குடிச்சிருய்யா" என்று கெஞ்சினாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அண்ணன் இலத்தூர் போய்விட்டு வந்து, "கண்ணு முழிச்சதும் செவலை எப்படியிருக்குன்னுதான் கேக்கா" என்றான்.

கொடியில் மதினி கழற்றிப் போட்ட சேலை கிடந்தது, துவைக்காமல். அதை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். விரலைப் பாலில் முக்கி நீட்டினேன்.

மூக்கு அசைந்தது. சேலையை மோந்தது. பிறகு என் விரலைச் சப்ப ஆரம்பித்தது...

"ஏட்டி, குடிக்குதே!" என்று அண்ணன் ஓடிவந்தான். "உன்னிய மதினின்னு நினைச்சுக்கிட்டு."

எனக்குச் சந்தோஷப்படவா அழவா என்று தெரியவில்லை. அவள் திரும்பி வரும்வரை அந்தச் சேலைக்குள் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன்.

மதினி பிழைத்து வந்தாள். முடியெல்லாம் கொட்டி, பாதி ஆளாக. வண்டிச் சத்தம் கேட்டதுமே செவலை பாய்ந்து போய்விட்டது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போல. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லன்னா இது செத்திருக்கும்ட்டி. இனிமே இது உன் நாய்."

அவள் சொன்னால் போதுமா? அதுக்குத் தெரிய வேண்டாமா? அது அவள் காலடியில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கடைசிவரை அது அவள் நாய்தான்.

இப்போது என் பிள்ளைகள் மூன்று பேரும் நான் சொல்லாமலே கிளம்பி நிற்கிறார்கள். சின்ன மகள் அழுது முகமெல்லாம் வீங்கிவிட்டது. எனக்கு ஒரு காய்ச்சல் என்றால் போனில் விசாரிப்பதோடு சரி. இருக்கட்டும்.

காரில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலி, மெதுவாகத்தான் எழுந்திருக்க முடிகிறது.

கொஞ்சம் இருங்க மதினி... வந்திருதேன்.