அக்கா கட்டாத அபராதம்

அபராதம் விழுந்த அன்றைக்கு மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா போன இந்த ஒரு வருடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை பேர் வந்திருந்தால் டீக்கடை பாய்க்கு அன்று நல்ல வியாபாரம் ஆகியிருக்கும். அவர் பாதிப் பாலை அப்படியே திருப்பிக்கொண்டு போனார். இருந்தவர்கள் இவர்கள்தான்: எங்கள் அக்கா. அக்காவின் ஹாக்கி டீமில் பதின்மூன்று பெண்கள். பூதிகோட்டையிலிருந்து வந்த எட்டுப் பெண்கள், அவர்களைக் கூட்டி வந்த விமலா டீச்சர், அவர்களுடைய வேன் டிரைவர். நடுவர் இரண்டு பேர். போட்டிக் கமிட்டிச் செயலாளர் தேவராஜ் அண்ணன். எங்கள் கோல்கீப்பர் ஷீலாவின் அம்மா. டீக்கடை பாய். தண்ணீர் கேனும், ஸ்டிக்குக்குச் சுற்றுகிற டேப்பும் வைத்துக்கொண்டு நான். வேறு யாரும் இல்லை. தயவுசெய்து இனி யாரும் இதில் பேர் சேர்க்க வேண்டாம்.

அக்கா பிறந்தது ஆண்டர்சன்பேட்டையில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அப்பாவுக்குச் சுரங்க வாயிலில் வேலை. ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜுக்குப் பெல் அடிப்பவர். கடைசி ஆள் உள்ளே வந்து நிற்காமல் பெல் அடிக்கவே மாட்டார். பின்னால் நிற்கிறவர்கள் திட்டினாலும் அடிக்க மாட்டார். அந்தப் பிடிவாதம் அப்படியே அக்காவுக்கு வந்தது. எனக்கு அம்மாவின் பயம் வந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் கடையில் உட்கார்ந்தேன். அக்கா படித்தார், ஹாக்கி ஆடினார். சுரங்கம் மூடியபிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டில் திரும்பி வந்து, எங்கள் இருவருடைய கல்யாணத்தில் என் கல்யாணத்தை மட்டும் முடித்து வைத்தார்.

மீதி நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சனி ஞாயிறுகளில் லைன் வீட்டுப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஹாக்கி சொல்லிக்கொடுத்தார். யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார், யார் வந்தாலும் மேட்ச்சில் இறக்கினார். ஆகவே தோற்றோம். கொஞ்சநஞ்சமாக அல்ல, ஏழு, பத்து, பதினான்கு என்று தோற்றோம். நான் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டேன்.

"இன்னாக்கா இது, ஓடவே தெரியாதவள ஃபார்வர்டுல வெச்சிகினு?"

"வாரம் பூரா பிராக்டிஸுக்கு வந்தாளா இல்லையா?"

"வந்தா."

"அப்ப ஆடுவா. நீ தண்ணிய ஊத்து."

பதினான்கு வாங்கிய அன்று நடந்ததை மறக்க முடியாது. பெங்களூரிலிருந்து வந்த டீம். எங்கள் பந்து அவர்கள் பக்கம் போகவே இல்லை என்பதால் அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவர்களுடைய கோச் அக்காவிடம் வந்து, "நிறுத்திக்கலாமா மேடம்? பாக்கப் பாவமா இருக்கு" என்றார். நான் நிறுத்திவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அக்கா சொன்னார்: "பாவம் பாக்காதீங்க சார், ஆடுங்க. மொதல்ல அந்தப் பொண்ண எழுந்து நிக்கச் சொல்லுங்க. எங்க பொண்ணுங்க வருவாங்கன்னு பாத்துகினு நிக்கணும் அவ."

திரும்பி வருகிற வழியில் கடைக்காரர்கள் விடமாட்டார்கள். "இன்னாம்மா, இன்னிக்கி எத்தன வாங்கினு வந்தீங்க? டஜன் கணக்கா, கிலோ கணக்கா?" பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். அக்கா மட்டும் நின்று பதில் சொல்வார். "நாங்க ஆடிட்டு வாங்கினு வந்தோம். நீ உக்காந்த எடத்துல இன்னா வாங்கின?"

இப்படியே பல வருடம் போயிற்று. போன வருடத்துக்கு முந்தின வருடம் கடவுள் கண் திறந்தார். ஷீலா பந்தைத் தடுக்கக் கற்றுக்கொண்டாள். ரெபேக்கா என்ற பெண் காற்று மாதிரி ஓடினாள். எப்படியோ கால் இறுதிக்கு வந்துவிட்டோம். பூதிகோட்டையை ஜெயித்தால் பெங்களூரில் அரை இறுதி. அக்கா வெளியே சொல்லவில்லை, ஆனால் பெங்களூருக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கி, டப்பாவோடு பீரோ மேல் வைத்திருந்தார்.

பூதிகோட்டை டீம் எட்டே பேராக வந்தது. மற்ற மூன்று பேரை ராகி அறுப்புக்கு வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள் என்று விமலா டீச்சர் சொன்னார். எட்டுப் பேரோடு ஆட விதியில் இடம் இருந்தது, ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் ஒன்பதுக்குப் பூஜ்யம். ஒன்பது எங்களுடையது! எனக்குச் சந்தோஷப்படக்கூடச் சரியாக வராது. பெங்களூருக்கு வேன் சொல்ல வேண்டுமே, அன்றைக்குப் பார்த்து மழை வந்தால், யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்று அப்போதே ஆரம்பித்துவிட்டேன். கவலைப்பட வேண்டிய விஷயம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் அக்கா ஷீலாவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "வேர்க்கவே இல்லயேடி."

"பந்தே வரலக்கா. நான் இன்னா பண்றது?"

அக்கா எதிர்ப் பக்கம் பார்த்தார். அந்த எட்டுப் பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் ஷூவை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஷீலா, ரெபேக்கா, நந்தினி. ஜெர்சியத் திருப்பிப் போட்டுகினு அந்தப் பக்கம் போங்க. அவங்களுக்கு ஆடுங்க. நெஜமா ஆடணும்."

நான் தண்ணீர் கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "அக்கா, வேணாங்க்கா. இது டோர்னமெண்ட். ரூல் போட்டு வெளிய தள்ளிடுவாங்க. ஜெயிச்சிகினு, அப்பறமா ஒரு நாள் அவங்ககூட சும்மா ஆடிக்கலாம்."

"அப்பறமான்னா யாருக்குடா? அவங்க இப்பல்ல நிக்கிறாங்க."

விமலா டீச்சரும் ஓடி வந்து, "பேடா மேடம், வேணாம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். ஒரு நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு நடுவர் தேவராஜ் அண்ணனைப் பார்த்தார். தேவராஜ் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் விசில் ஊதிவிட்டார்கள்.

அந்த இரண்டாம் பாதியைப் பற்றி எரிச்சலில்லாமல் எழுத எனக்கு வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இவ்வளவு வருடத்தில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ரெபேக்கா பந்தைக் கொண்டுபோய்த் தானே அடிக்காமல், ஷூவை அவிழ்த்த அந்தப் பெண்ணுக்குத் தள்ளினாள். அவள் அடித்த பந்து உள்ளே போனது. அவள் அதை நம்பாமல் நடுவரிடம் போய்க் கேட்டாள். எங்கள் பெண்கள் பத்துப் பேரும் முதல் முறையாக அலறிக்கொண்டு ஓடினார்கள். ஷீலாவின் அம்மா எந்தப் பக்கம் கத்துவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கத்தினார். பத்துக்கு ஆறில் முடிந்தது. எல்லாரும் தரையில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். அக்காவும் வாங்கினார். "ஆட்டம்னா இப்படி ரெண்டு பக்கமும் மூச்சு வாங்கணும்டா" என்றார்.

அப்போதுதான் தேவராஜ் அண்ணன் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "எட்டு பேர் வந்த டீமு, பதினோரு பேரா கீது? இன்னாம்மா கூத்து இது?"

அத்தோடு எல்லாம் முடிந்தது. இரண்டு டீமையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அக்காவுக்கு மட்டும் அபராதம். கட்டி, தவறு செய்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை டீம் எதிலும் ஆடக்கூடாது. வேனில் பிள்ளைகள் அழுதார்கள். அக்கா வழியில் நிறுத்தி எல்லாருக்கும் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார், கோப்பை வாங்கினவர் மாதிரி. ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்த பிறகு வீடு வரைக்கும் பின்னால் திரும்பவே இல்லை. ஷூ டப்பா இன்றும் பீரோ மேல்தான் இருக்கிறது.

அடுத்த சில மாதங்களில் அக்காவின் சிறுநீரகம் கெட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன அதே ரயிலில் போய் வந்தோம். கடைசி வாரத்தில்கூட அதே பேச்சு.

"கட்டிட்டியா?"

"இல்லக்கா. கட்டிடட்டுமா? ஊர்ல ஒரு கடன் நிக்க வேணாம்."

"கடன் வாங்கினாத்தான்டா கடன். நான் இன்னா வாங்கினேன்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காரியத்துக்கு வந்த தேவராஜ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனதோடுதான் பேசினார். "பணம் பெருசில்லப்பா. அக்கா தப்புப் பண்ணிட்டாங்கன்னு நீ ஒரு வரி எழுதிக் குடு. பசங்க மறுபடி ஆடட்டும்." அன்றிலிருந்து அந்தப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் திரிந்தேன். கட்டினால் அக்காவுக்கு அவமானம், கட்டாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆட்டம் போகும். கடைசியில் பிள்ளைகளையே கேட்டேன். ரெபேக்காதான் பேசினாள். "எங்களுக்கு ஆடணும் மாமா. ரொம்ப ஆடணும். ஆனா அப்படி எழுதாதீங்க."

இந்த வருடப் போட்டிக்குப் பேர் கொடுக்கும் கடைசி நாள் போய்விட்டது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு பூதிகோட்டைக்குப் போகிறோம். இரண்டு ஊர்ப் பெண்களையும் கலந்து பிரித்து ஆடுகிறார்கள். அதற்குக் கோப்பையும் இல்லை, யாரும் பார்க்க வருவதும் இல்லை. நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் துணை நின்ற உறவினர்களுக்கும், இரத்தம் கொடுத்த ரயில் தோழிகளுக்கும், காரியத்தன்று அந்த எட்டுப் பெண்களையும் வேனில் கூட்டி வந்து சாமியானா ஓரத்தில் கடைசிவரை நின்ற விமலா டீச்சருக்கும், அன்று முழுவதும் டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேவராஜ் அண்ணனுக்கும் நன்றி, அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

கரண்ட் பில் வந்த அன்றே ஓடிப்போய்க் கட்டுகிறவன் நான். சாமியானா, சமையல், வேன், இந்த நினைவு மலர் அச்சடித்த கூலி, எல்லாம் கொடுத்தாயிற்று. பாக்கி நிற்பது ஒன்றுதான். என் மேல் இரக்கப்பட்டு உறவினர் யாரும் அதைப் போய்க் கட்டிவிட வேண்டாம். போட்டிக் கமிட்டிக்கு, அக்கா பேரில், ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூறு.