பேய் பார்க்கப் போனேன்

மலையகத்து டிக்கோயா ஆஸ்பத்திரியில், மகளின் மனநல மாத்திரைக்காகக் காத்திருந்தோம். வெளியே யாரோ சைக்கிளுக்குச் சங்கிலி பூட்டிய சத்தத்தில் சித்தி ஞாபகம் வந்தது. மகளிடம் சொல்லத் தொடங்கினேன்.

ஐம்பதுகளில் எனக்கு எட்டு வயது. பிள்ளை இறந்தபின் ஓயாமல் பேசிய சித்தியை தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். "பேய் புடிச்சிருக்கு, கிட்ட போவாத" என்றார்கள். பேயைப் பார்க்கவே போனேன். வேப்பிலைப் புகை நாறிய இருட்டில் சித்தி மட்டும்தான் இருந்தார்.

"சித்தி, பேய் எங்க?"

"நானும் அதத்தான் தேடுறேன் பாப்பா. தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து, சித்தப்பாவிடம் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார். சித்தி அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனார்.

கேட்டுக்கொண்டிருந்த மகள் மெல்லக் கேட்டாள்.

"அப்புறம் அவங்களுக்குக் கொணமாச்சாம்மா?"

"முழுசா இல்லடி. ஆனா அவங்கள மறுபடி கட்ட எங்க அம்மா யாரையும் விடல."