காணொளிகளின் ஓரத்தில்

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7 ஆந் திகதி, வியாழக்கிழமை. விடியற்காலையிலேயே கச்சான் காற்று வீசத் தொடங்கியது. பத்து மணிக்குள் முற்றத்து மணல் காலைச் சுட்டது. சாய்ந்தமருதில் உள்ள பஸ்மிலாவின் வீட்டுக்கு அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின்னர் விவாகப் பதிவாளர் வருவதாக இருந்தது. ஒரே மகள் ஸஹ்றாவின் நிக்காஹ்வுக்குரிய விவரங்களையும், அவளை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளரான 'வலி' யார் என்பதையும் அவர் எழுதவேண்டும். அயலவன் என்ற முறையில் நானும் அழைக்கப்பட்டிருந்தேன்.

பஸ்மிலாவுக்கு வயது நாற்பத்து நான்கு. அபாயா தைப்பது தொழில். கணவர் பளீல் 2021 ஒக்டோபரில் வேறு மூவரோடு ஆழ்கடற் படகில் சென்றார். படகும் திரும்பவில்லை, எவருடைய உடலோ படகின் பலகைத் துண்டொன்றோகூடக் கரை சேரவில்லை. ஏனைய மூவரின் மனைவியரும் ஒரு வருடத்துக்குள் மரணத்தை ஏற்றுக்கொண்டு, வெள்ளை உடுத்து, விதவைக்குரிய காத்திருப்புக் காலமான இத்தா இருந்தனர். பஸ்மிலா இருக்கவில்லை.

"மையித்தக் காணாம நான் வெள்ளைய உடுக்கமாட்டன்" என்றார்.

அக்காலத்தில்தான் ஸஹ்றா தன் கைபேசியில் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினாள். அதில் எதையும் தேடவோ தெரிவுசெய்யவோ இயலாது. பொத்தானை அழுத்தினால், எங்கோ யாரோ பிடித்த காணொளி ஒன்று ஓடும். முடிந்ததும் அதனோடு தொடர்பற்ற இன்னொன்று வரும். பிறந்தநாள் விழா, பனியில் வழுக்கி விழும் பிள்ளை, பூனை, துறைமுகம். மகள் விளையாட்டாகக் காட்டியதைத் தாய் விடாமற் பற்றிக்கொண்டார்.

அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. "பேரப் போட்டுத் தேடினா பேருள்ளவங்கதான் வருவாங்க. இவரு ஏதாவதொரு கரையில, யாருட படத்திலயோ பின்னால நிண்டுக்கிட்டு இருப்பாரு."

ஆகவே, அவர் திரையின் நடுவைப் பார்ப்பதில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் இடையில் கைபேசியைத் தையல் இயந்திரத்தில் சாய்த்துவைத்து, ஓரங்களையே பார்த்தார்: கேக் வெட்டும் பிள்ளையைத் தாண்டிக் கதவருகில் நிற்பவரை, மணமக்களைத் தாண்டிக் கோப்பைகளை ஏந்திச் செல்பவரை. ஏறத்தாழ மூன்று வருடங்களாக ஒரு நாளும் தவறவில்லை.

பளீலின் தம்பி ஸிராஜ் வந்தால் சீண்டுவார். "மதினி, இண்டைக்கு எந்த நாட்டுக்குப் போய் வந்தீங்க?"

"ஒனக்குப் பொறாமை. நீ பொத்துவிலுக்கு அங்கால போனதில்ல."

அந்த வியாழக்கிழமை, பதிவாளர் வருவதற்குச் சற்று முன்னர், மீன்பிடித் துறையொன்று திரையில் ஓடியது. இடப்பக்க ஓரத்தில் ஒருவர் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து, இடக்கையால் முடிச்சிட்டார். பளீலும் அவ்வாறே செய்வார். பஸ்மிலாவின் மடியிலிருந்த துணி நிலத்தில் விழுந்தது. அதற்குள் அடுத்த காணொளி தொடங்கிவிட்டது.

"மகள், அதத் திருப்பு. வாப்பாட கை அது."

ஸஹ்றா முந்தைய காணொளியின் இணைப்பைத் திறந்து, அதன் மூலப் பதிவை எடுத்துக் கொடுத்தாள். இறுதியில் அம்மனிதர் ஒரு கணம் திரும்பினார்; முகம் நிழலில் இருந்தது.

"இந்தத் துறை எங்க இருக்கெண்டு பாரு. பதிவாளர வரவேணாமெண்டு சொல்லு. வாப்பா வந்தே ஒனக்கு வலியா நிக்கட்டும்."

ஸஹ்றா அசையவில்லை. "உம்மா, இது பழைய படம்."

"எவ்வளவு பழசு?"

"ரெண்டாயிரத்துப் பத்து. ஏத்தின திகதி இதில போட்டிருக்கு. இந்தப் பக்கத்தில வாற எல்லாமே அந்தக் காலத்துப் படங்கள்தான். புதுசு ஒண்டும் இதில வராது."

திரையில் ஓடுபவை அன்றன்று நடப்பவை என்றே பஸ்மிலா நம்பியிருந்தார். நிலத்தில் விழுந்த துணியை எடுத்து மடித்தார்.

"ரெண்டாயிரத்துப் பத்தில வாப்பா இஞ்சதான் இருந்தாரு. ஒன்ன நேசரிக்குச் சைக்கிள்ல ஏத்திப் போனாரு." பின்னர் கேட்டார்: "ஒனக்கு இது எப்ப தெரியும்?"

"மொதல்ல இருந்தே. இதப் பாக்கக்குள்ள நீங்க அழல்ல. அதுதான் சொல்லல்ல, உம்மா."

தாய் மகளை ஏசவில்லை. கைபேசியை அணைத்து அவளிடமே கொடுத்தார். முகம், கை, கால் கழுவி வுழூச் செய்து அஸர் தொழுதார். இவற்றையெல்லாம் ஸஹ்றா பிற்பாடு என் மனைவியிடம் கூறினாள்.

பதிவாளர் வந்து படிவத்தை விரித்தபோது ஸிராஜும் நானும் எதிரே இருந்தோம். அறைக்கதவின் திரைச்சீலைக்கு அப்பால் பஸ்மிலா நின்றார். தந்தை ஹயாத்தாக, அதாவது உயிரோடு, எங்கோ இருப்பதாகக் கூறினால் முஸ்லிம் விவாக நீதவானான காதியாரின் அனுமதியைப் பெறவேண்டும் என்றும், மரணித்திருந்தால், ஆண் சகோதரர் இல்லாத மணமகளுக்குத் தந்தையின் தம்பியே வலியாக நிற்கலாம் என்றும் பதிவாளர் விளக்கினார். ஸிராஜ் தலை குனிந்துகொண்டார்.

"புள்ளைட வாப்பா ஹயாத்தா, மௌத்தா?" எனப் பதிவாளர் கேட்டார்.

"மௌத்தாகிட்டாரு" என்றார் பஸ்மிலா.