வியாழக்கிழமைக்கு வெற்றிலை மாற்றியாச்சு

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நாற்று பச்சை கட்டி நின்றதும் விவசாயிகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "பரிமளா செட்டு காலியா கீதா, இல்லியா?" என்பதுதான்.

பதினான்கு பெண்கள் சேர்ந்த நடவு செட்டு அது. பரிமளா அதற்குத் தலைவி. வயது நாற்பத்தாறு. பதினாறு வயதில் சேற்றில் இறங்கியவர். கயிறு பிடிக்காமலே கோடு பிசகாமல் நடுவார். காலை ஏழு மணிக்கு இறங்கினால், வெயில் தாழ்வதற்குள் ஒன்றரை ஏக்கர் முடிந்திருக்கும். முடிந்த இடத்தில் மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு நாற்றுகூட மிதக்காது. அதனால்தான் அந்தக் கேள்வி.

நாள் பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. நிலத்துக்காரர் செட்டுத் தலைவியின் கையில் வெற்றிலை பாக்கு கொடுப்பார். வெற்றிலை கை மாறிவிட்டால் அந்த நாள் அவருடையது. அடுத்த ஊரில் அதிகக் கூலி கிடைத்தாலும் செட்டு மாறாது. வெற்றிலையை வாங்கப் பரிமளாதான் போகவேண்டும். பெரிய நிலத்துக்காரரான முத்துகிருஷ்ணன் வீட்டுக்கு என்றால் பின்பக்கம், மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று வாங்க வேண்டும். இருபது வருடமாக அப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போக, ஒரே ஒரு நாள் தள்ளி நடலாமா என்று பரிமளா அந்தக் கொட்டகை ஓரத்தில் நின்று கேட்டார். முத்துகிருஷ்ணன் நிதானமாகச் சொன்னார். "வெத்தல மாத்தினது மாத்தினது தான் பரிமளா. அந்த நாள நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

பரிமளா அன்று நட்டார். அவர் சொன்னதையும் மறக்கவில்லை.

இந்தத் தை மாதம் விஷயத்தை ஆரம்பித்து வைத்தது மகள் கீர்த்தி. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. புது வருடத்துக்குக் கம்பெனியார் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, செங்கல்பட்டைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருக்கும் 'பனி நகரம்' என்ற இடத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். குடோன் மாதிரி ஒரு பெரிய கட்டடம். உள்ளே பனிமலை, பனிக்கட்டியில் கட்டின வீடு, ஆள் உயரக் கரடி பொம்மைகள், ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்க ஒரு மேடு. கூரையிலிருந்து பஞ்சு மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கிறது. மகள் போனில் காட்டிய வீடியோவைப் பரிமளா மூன்று தடவை பார்த்தார்.

"நாங்களும் போவலாமா?"

கீர்த்தி சிரித்துவிட்டாள். "உனக்கு அதெல்லாம் ஒத்துவராதும்மா. மைனஸ் அஞ்சு டிகிரி. சாக்ஸ் போடணும், பூட்ஸ் போடணும், கோட்டு போடணும். அங்க வர்றதெல்லாம் ஸ்கூல் பசங்க, கம்பெனி ஆளுங்க."

மகள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று பரிமளாவுக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் நாற்று முடியின் கட்டை அவிழ்க்கும்போது "உனக்கு ஒத்துவராது" என்பது கூடவே வந்து சேற்றில் இறங்கியது. இடுப்பை வளைத்தபடியே செட்டிடம் விஷயத்தைப் போட்டார்.

"மைனஸ் அஞ்சுன்னா இன்னாக்கா?" என்றாள் மலர்க்கொடி. செட்டில் வாய் ஓயாதவள் அவள்தான்.

"ஐஸ் பெட்டிக்குள்ள பூந்து கதவ சாத்திக்கிற மாதிரி."

"அதுக்கு துட்டு வேறயா? விடிகாலையில நம்ம வரப்புல நடந்தா பனி ஓசியிலயே கெடைக்குது."

"இது கையில அள்ற பனிடி. உருண்ட புடிச்சி அடிக்கலாம்."

"யார வேணாலும் அடிக்கலாமா?" மலர்க்கொடி எதிர்க்கரையில் இருந்த முத்துகிருஷ்ணனின் பம்ப்செட்டைப் பார்த்தாள். பதினான்கு பேரும் சிரித்தார்கள். போவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

நாள் குறிப்பதில்தான் சறுக்கினார்கள். எவரும் யோசிக்கவே இல்லை. தை அமாவாசை என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அமாவாசையன்று யாரும் நாற்று நடுவதில்லை, யாரிடமும் விடுப்பு கேட்க வேண்டியதில்லை, யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தெரு முழுக்க அதே பேச்சு. பிறகு பரிமளா வேன்காரர் டேனியலிடம் போனார்.

"அமாவாசைக்கா? இன்னாக்கா நீ," என்றார் டேனியல். "அன்னிக்கி இந்தத் தாலுக்காவுலயே ஒரு வேன் கெடைக்காது. அத்தினியும் மேல்மலையனூர் போவுது. நானே பொங்கலுக்கு முன்னாடி ஒத்துக்கினேன். போன வருசம் நீயே என் வண்டியில தான வந்த?"

வந்தார்தான். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேன் வேனாக ஆள் போகிற ஊரில் பிறந்து, அதே வேன்களில் இருபது வருடம் போன பெண்கள் பதினான்கு பேர். ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும். வேலை இல்லாத நாள் என்ற ஒன்றே கண்ணை மறைத்துவிட்டது.

"நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கே தெரியுது," என்றார் டேனியல்.

"வேற எந்த நாள் காலி?"

"அதுக்கு அடுத்த வாரம் வியாழக்கெழம."

அது நடவு உச்சத்தில் இருக்கும் நாள். அன்று போனால் யாரோ ஒருவரோடு மல்லுக்கு நின்றே ஆகவேண்டும். பரிமளா வேனின் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்துபோய் முக்குக் கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிவந்து டேனியலிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குக்கா? நான் இன்னா நாத்தா நடப்போறேன்?"

"வாங்கிக்கோ. வியாழக்கெழம உன் வண்டி எங்களுது. எங்க நாளு உன்னுது. மாத்தினது மாத்தினது தான்."

டேனியல் சிரித்துக்கொண்டே வாங்கி, கண்ணாடிக்குக் கீழே சிலுவைப் பக்கத்தில் வைத்தார். அன்று மாலையே கீர்த்தி போனில் பதினான்கு டிக்கெட் எடுத்தாள். தேதி போட்ட டிக்கெட். மாற்றமுடியாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அம்மாவுக்குப் படித்தும் காட்டினாள்.

"நல்லதாப் போச்சி," என்றார் பரிமளா.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் முத்துகிருஷ்ணன் வரப்போரம் மொபெட்டை நிறுத்தினார். செட்டு வேறொருவர் நிலத்தில் நட்டுக்கொண்டிருந்தது.

"பரிமளா, அடுத்த வியாழக்கெழம நம்ம ஒன்றரை ஏக்கரு. சாயந்தரம் வந்து வெத்தல வாங்கிக்கோ."

பரிமளா நிமிரவில்லை. கை நட்டுக்கொண்டே இருந்தது. "வியாழக்கெழம போயிடுச்சிங்கய்யா. வெள்ளிக்கெழம காலி கீது."

"யாருக்குக் குடுத்த?"

"வேன்கார டேனியலுக்கு."

"அவனுக்கு ஏது கயினி?"

"அவரு வண்டிக்குள்ளவே நடப்போறோங்க," என்றாள் மலர்க்கொடி.

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறியது. "பனி பாக்கப் போறீங்களா? பதினாலு பேருமா? இங்க நாத்து முத்திக்கினு கீது, உங்களுக்கு ஊர் சுத்தணுமா?"

"வியாழக்கெழமையோட உங்க நாத்துக்கு இருவத்தோரு நாளுங்கய்யா. வெள்ளிக்கெழம இருவத்திரண்டு. போன வருசம் கரண்ட் இல்லன்னு இருவத்தஞ்சாம் நாள் நட்டீங்க. நாங்க தான் நட்டோம். நல்லாத்தான் வெளஞ்சிது."

"நான் மெஷின கூப்ட்டுக்கிறேன்."

"மெஷினு தட்டுல வுட்ட நாத்த தான் எடுக்கும். நீங்க சேத்துல வுட்டிருக்கீங்க."

"வடக்கத்தி ஆளுங்கள எறக்கறேன்."

"அவங்க புள்ளலூர்ல கீறாங்க. அந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் அங்க தான் வேலை. விசாரிச்சிட்டேன்."

முத்துகிருஷ்ணன் சுற்றிலும் பார்த்தார். பதினான்கு முதுகுகளும் வளைந்தபடியே இருந்தன. ஒரு கையும் நிற்கவில்லை. "இத்தோட சரி," என்றார். "வியாழக்கெழம நீங்க வரலன்னா அப்பறம் எப்பவும் என் கயினியில உங்க செட்டு கால் வெக்காது. யோசிச்சிக்கோ."

அது வெறும் மிரட்டல் இல்லை. மூன்று போகமும் அவர் நிலத்தில் வேலை இருந்தது. களையெடுப்பு, அறுப்பு, நிலக்கடலை பிடுங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. பரிமளா அப்போதுதான் நிமிர்ந்தார். முட்டிவரை சேறு, கையில் பாதி முடி நாற்று.

"உங்க இஷ்டங்கய்யா. வெத்தல மாத்தின நாள நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

இரண்டு வருடத்துக்கு முன் தான் சொன்ன வார்த்தையை முத்துகிருஷ்ணன் அடையாளம் கண்டுகொண்டாரோ இல்லையோ, மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

வீட்டில் கணவர் கிருஷ்ணசாமி சோற்றில் கை வைத்தபடி, "அவரப் பகைச்சிக்கினா நாளைக்கி யாரு கூப்புடுவாங்க?" என்றார்.

"எல்லாரும் தான் கூப்புடுவாங்க. நாத்த அவரா நடறாரு?"

மறுநாள் சசிரேகா தனியாக வந்து நின்றாள். செட்டில் சின்னவள். அவள் புருஷன் சின்னராசு ஓட்டுவது முத்துகிருஷ்ணனின் டிராக்டர். "நான் வரலக்கா. வூட்ல ஒரே பேஜாரா கீது. நான் வந்தா, டிராக்டர் சாவிய வெச்சிட்டு போன்னு அவர சொல்லிட்டாங்களாம்."

பரிமளா வற்புறுத்தவில்லை. "உன் டிக்கெட்டு கீது. வர்றதும் வராததும் உன் இஷ்டம். உன் கால் அளவு மட்டும் சொல்லிட்டுப் போ. சாக்ஸ் வாங்கணும்."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் அந்த சாக்ஸை வாங்கினார். கடைக்காரர், "எந்த ஸ்கூலும்மா?" என்று கேட்டார்.

"ஸ்கூலுக்கு இல்ல. பொம்பளைங்களுக்கு. பதினாலு ஜோடி."

"அப்ப கறுப்பு எடுத்துக்கோங்க. அழுக்குத் தெரியாது."

"வெள்ளையே குடுங்க. அழுக்காவாத எடத்துக்கு தான் போறோம்."

சாக்ஸுக்குள் போகிற காலையும் தயார்படுத்த வேண்டியிருந்தது. நடவு மாதத்தில் எல்லோருக்கும் விரலிடுக்கில் சேற்றுப்புண். தினமும் வேலை முடிந்ததும் மருதாணியை அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்கள். தெருவே கல்யாண வீடு மாதிரி சிவந்த காலோடு நடந்தது. மகளும் இப்போது இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். இடத்தின் விதிகளைப் போனில் பார்த்துச் சொன்னாள்: "சறுக்கு மேட்டுக்கு புடவ கூடாதாம்மா. பேன்ட்டு தான்."

"நடவுக்கு எப்பிடி புடவய தூக்கிச் சொருவறோம்? அப்பிடியே சொருவிக்கினு கீழ உன் பேன்ட்ட போட்டுக்குறேன். மேல சட்ட எங்க கிட்டயே கீது." சேற்றில் இறங்கும்போது புடவைமேல் போடும் ஆம்பிளைச் சட்டையைத்தான் சொன்னார். அந்த வாரம் தெருவில் காயப்போட்ட பேன்ட் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு டேனியல் வந்து ஹாரன் அடித்தார். பரிமளா எண்ணிக்கொண்டே ஏற்றினார். பதின்மூன்றோடு நின்றுவிடும் என்று நினைத்தார். உள்ளே பார்த்தால் டிரைவருக்குப் பின்சீட்டில் சசிரேகா முன்னாடியே உட்கார்ந்திருந்தாள்.

"சின்னராசு இன்னா சொன்னான்?"

"டிராக்டர் அவங்களுது, கால் என்னுதுன்னேன்," என்றாள் சசிரேகா. "இன்னிக்கி நாஷ்டாவ அவரே பண்ணிக்குவாரு."

வேன் ஏரிக்கரைத் திருப்பத்துக்கு வந்தபோது மொபெட் ஒன்று ரோட்டோரம் நின்றது. முத்துகிருஷ்ணன் கையைக் காட்டினார். டேனியல் பிரேக்கை அழுத்தினார். அதுவரை பாட்டும் கூச்சலுமாக இருந்த வண்டி அடங்கிப்போனது. அவருக்குப் பின்னால் உழுது பரம்படித்த ஒன்றரை ஏக்கர், தண்ணீர் கட்டித் தயாராகக் கிடந்தது. அதில் ஒரு ஆளும் இல்லை.

அவர் பரிமளாவின் ஜன்னலுக்கு வந்தார். கைப்பையிலிருந்து வெற்றிலைக் கட்டையும் பாக்கையும் எடுத்து நீட்டினார். முகத்தை ஏரிப் பக்கம் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கெழமைக்கு," என்றார்.

இருபது வருடப் பழக்கம். பரிமளாவின் கை தானாக ஜன்னல்வரை போனது. அங்கேயே நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ரோட்டுல வெச்சி வெத்தல வாங்குற பழக்கம் இல்லைங்கய்யா. சாயந்தரம் ஏழு மணிக்கி வந்துருவோம். எங்க தெருவுல, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல மூணாவது வூடு."

"நான் உன் வூட்டுக்கு வரணுமா?"

"வெள்ளிக்கெழம வேணும்னா வாங்க. மானாம்பதிக்காரங்களும் அந்த நாள கேட்டுக்கினு கீறாங்க. ஏழரை வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"டேனியலு, வண்டிய எடுப்பா," என்றார் பரிமளா.

கொஞ்ச தூரம் போனபிறகு மலர்க்கொடிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, அவருக்கு நம்ம தெரு தெரியுமா?"

"கேட்டுக்கினு வரட்டும்."

செங்கல்பட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சாக்ஸை அங்கே போய்ப் போட்டால் போதும் என்று கீர்த்தி சொல்லியனுப்பியிருந்தாள். பரிமளா சிவந்த காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்தார். பையிலிருந்து புது வெள்ளை சாக்ஸை எடுத்து உதறி, விரல் விரலாக உள்ளே விட்டு மாட்ட ஆரம்பித்தார்.