மூன்றாவது லயத்தில் பிறந்தவர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் வந்த வினைதான் இது.

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தேன். கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கைமாறி உள்ளூர்க் கம்பெனி வந்திருந்தது. பால் வெட்டியவர்களில் பாதிப் பேருக்கு இனி வேலை இல்லை என்றார்கள். குத்தகைக்காரர்களின் லோரிகளில் ஜாவாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களும் எங்கள் தாத்தாக்களைப் போலவே ஒரு பெட்டியும் ஒரு பாயுமாகத்தான் வந்தார்கள். நாங்கள் மட்டும் இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள் மாதிரி அவர்களை முறைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. புக்கிட் பெலிம்பிங் பக்கம் மலிவு வீடுகள் கட்டுவார்கள், மனுப் போடலாம், ஆனால் நீல ஐசி, குடிமக்களுக்கான அடையாள அட்டை, வேண்டும். பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐசி. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த நிறம்.

சின்னம்மா எங்களுக்குச் சொந்தமில்லை. புருஷன் இறந்தபின், முன்பே நட்டு வளர்ந்திருந்த செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிப் பிழைத்தார். ஒரே மகளைப் பத்தாங் காலியில் கட்டிக்கொடுத்திருந்தார்.

“மருமவன் வீட்டு அடுப்பங்கரையில போயி ஒண்டிக்கிட்டுக் கெடக்கக் கூடாது பாப்பா. ஒரு அறையா இருந்தாலும் என் வூட்டுக் கதவ நான்தான் சாத்தணும்” என்று சொல்லிக்கொண்டே குடியுரிமை மனுப் பாரத்தை என்னிடம் நீட்டினார்.

நானும் பெரிய மனுஷி மாதிரி மேசையைத் துடைத்து உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொன்றாக அவரைக் கேட்டு எழுதியிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற தலைக்கனம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் சேலம், இந்தியா என்று எழுதினேன்.

எங்கள் தோட்டத்தில் அது ஒரு பழக்கம். யாரையும் ஊரைச் சொல்லித்தான் அடையாளம் சொல்வோம். அவர்கள் சேலத்துக்காரர்கள், இவர்கள் திருச்சிக்காரர்கள், நாங்கள் ஆற்காட்டுக்காரர்கள். ஆற்காடு கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று என் அப்பாவுக்கே தெரியாது. கல்யாணப் பேச்சிலும் கோயில் கமிட்டிச் சண்டையிலும் அந்த ஊர்ப் பெயர்கள்தான் முன்னால் நிற்கும். சின்னம்மா சேலத்துக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கப்பல் ஏறியது அவருடைய அப்பா. சின்னம்மா பிறந்தது மூன்றாவது லயத்தின் கடைசி வீட்டில். அது எனக்கும் தெரியும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் “இங்கதான் நான் பொறந்தேன்” என்று காட்டுவார். பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் அவர் பிறந்ததைப் பார்த்த வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோர் ஒருவர் உயிரோடு இருந்தார், எங்கே கூப்பிட்டாலும் வந்து சத்தியம் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

பாரத்தை நான்தான் கோலசிலாங்கூர் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இங்கே பாரம் எழுதும் தற்காலிகக் கிராணி வேலை ஒன்று காலியாக இருக்கிறது, மனுப் போடு என்றார். அன்றே போட்டேன்.

சில மாதங்கள் கழித்து சின்னம்மாவை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மொழி பெயர்க்க நானும் போனேன். சின்னம்மா நீலச் சேலை கட்டியிருந்தார். அட்டைக்குப் பொருத்தமாம். பஸ்ஸில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அதே அதிகாரி பாரத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவர் இந்தியாவில் பிறந்தவரா?” என்று மலாயில் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. நான் எழுதியது தப்பு, மன்னியுங்கள், இவர் இங்கேதான் பிறந்தார், சாட்சி இருக்கிறது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் என் வேலை மனுவும் அவர் மேசையில்தானே இருக்கிறது? ஒரு பாரத்தை ஒழுங்காக நிரப்பத் தெரியாத பெண்ணுக்கு யார் கிராணி வேலை கொடுப்பார்கள்?

“ஆமாம், துவான்” என்றேன்.

“என்னா பாப்பா கேக்குறாரு?” என்றார் சின்னம்மா.

“ஒண்ணுமில்ல சின்னம்மா. எழுதுனதச் சரி பாக்குறாரு.”

சின்னம்மா அதிகாரியைப் பார்த்துக் கை கூப்பினார்.

எனக்கு வேலை கிடைத்தது. சின்னம்மாவின் மனு தள்ளுபடியானது. இங்கே பிறந்தவர் இல்லையாம். அந்தக் கடிதத்தையும் நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். திரும்பப் போடலாம் என்று சொன்னேன், அதுவும் உப்புச்சப்பில்லாமல். திரும்பப் போட்டால் முதல் பாரத்தை எடுத்துப் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கு. அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து நாலு அடி நடந்து அந்த அதிகாரியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. பழைய மண்டோரும் இறந்துபோனார்.

“வுடு பாப்பா, என் தலையில அப்படி எழுதியிருக்கு. நீ எவ்ளோ அலைஞ்சிட்டலா எனக்காக” என்றார் சின்னம்மா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

லயத்தை இடித்தபோது எங்களுக்கு வீடு கிடைத்தது. என் அரசாங்கச் சம்பளமும் அதற்கு உதவியது. சின்னம்மா சட்டிபானைகளை ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு பத்தாங் காலிக்குப் போனார். போகும்போது என் கையில் ஒரு புதுப் பேனாவைக் கொடுத்தார். ஆபீசுக்கு வைத்துக்கொள் என்றார். அதை நான் ஒருநாளும் திறந்து எழுதவில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். “ஒங்களுக்குத்தான் ஆபீஸ் வேல தெரியும், நீங்களே வந்து எழுதிக் குடுங்க” என்றாள். வேட்டியைத் திரையாகக் கட்டிய ஒரு சின்ன இடத்தில், அடுப்பங்கரைக்குப் பக்கத்தில், சின்னம்மாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அந்த இடத்துக்குக் கதவு இல்லை.

இறப்புப் பதிவுப் பாரத்திலும் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. தோட்டத்தின் பெயரையும் கோலசிலாங்கூரையும் எழுதினேன். பதிவு அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் இருந்த பையன் சிவப்பு ஐசியையும் பாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான்.

“தெரியும். மூன்றாவது லயம், கடைசி வீடு” என்றேன். மறுபேச்சில்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தான்.