காப்புக் கட்டிய கை

மஸ்ஜித் தானாவில் பத்து வருடம் பல் கிளினிக் நடத்திய பிறகு, ஈறு நோய்ச் சிகிச்சையும், தாடை எலும்பில் செயற்கைப் பல் பதிக்கும் இம்பிளாண்டும் கற்றுக்கொள்ளலாம் என்று மலாக்கா டவுனில் ஒரு மேல்படிப்பில் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்கப் பார்ப்பது மட்டும்தான். நோயாளியைத் தொடக்கூடாது, நோயாளியிடம் பேசக்கூடாது. சுவரோரம் ஒரு நாற்காலி, அதில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நாற்பது வயதில் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு.

இரண்டாவது வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். வலியில் முனகிய ஒரு பெரியவரிடம், "கொஞ்சம் பொறுத்துக்குங்கய்யா, முடியப்போவுது" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் கருவியைக் கீழே வைத்தார். இன்னொரு முறை வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். அன்றோடு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். செர்காம் பக்கமிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. ஈறு நோயில் கீழ்ப்பற்கள் போய், இம்பிளாண்டுக்காக ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது. நீரிழிவும் உண்டு. மருந்து சாப்பிட்டாயிற்றா என்று தாதி மலாயில் கேட்டார். "சூடா" என்றார் அக்கா, ஆயிற்று என்று. சாப்பாடு? அதற்கும் "சூடா." விரலைக் குத்திப் பார்த்த சர்க்கரை அளவும் அப்போது சரியாகவே இருந்தது.

பச்சைத் துணியால் போர்த்தியபோதுதான் அவர் கை வெளியே தெரிந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் முடிந்த மஞ்சள் துண்டு. எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டியவர்கள் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் நாளைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று அக்கா பயந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்னபடி தவறாமல் விழுங்கியிருக்கிறார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை போகப்போகச் சர்க்கரையை எவ்வளவு கீழே இறக்கும் என்று எனக்குத் தெரியும்.

கையைத் தூக்கினேன். பேராசிரியர் திரும்பாமலே, "கேள்வியெல்லாம் பிறகு" என்றார். இறக்கிவிட்டேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் இறக்கிவிட்டேன். விடியற்காலையில் பாலாவது குடித்திருப்பார், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே ஜோசியம் சொல்லிக்கொண்டேன். ஈறைக் கீறினார்கள், எலும்பில் துளை போட்டார்கள். கற்றுக்கொள்ள வந்தவன் அதில் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிகிச்சை நாற்காலியைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. பிறகு புறங்கை வியர்த்து மினுங்கியது. நான் எழுந்து, இவர் சாப்பிடவில்லை என்று ஆங்கிலத்தில் கத்துவதற்குள் கை தொங்கிவிட்டது.

உடனே நிறுத்தினார்கள். தாதி இரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கன்னத்துக்குள் குளுக்கோஸ் பசையைத் தடவினார். கொஞ்சம் தெளிந்ததும் இனிப்பான சிராப் பானம் குடிக்க வைத்தார். கால்மணி நேரத்தில் அக்கா நன்றாகக் கண் விழித்துவிட்டார். இப்போது நான் அருகே போனதை யாரும் தடுக்கவில்லை.

"இப்ப எப்படிங்கக்கா இருக்கு?"

"தம்பி தமிழா?" மரத்துப்போன உதட்டில் வார்த்தை குழறியது.

"ஆமாங்கக்கா."

"இனிப்பா என்னமோ குடுத்துட்டாங்க தம்பி. மகளுக்குத் தலப்பிரசவம். அதுக்கு நேந்துகிட்டது. இன்னும் மூணு நாளுதான் இருந்திச்சு."

அவர் காப்பை ஒரு விரலால் தடவிக்கொண்டே, சுவரோரம் இருந்த என் நாற்காலியைப் பார்த்தார்.

"அங்கதானே உக்காந்திருந்தீங்க? இதப் பாக்கலியா தம்பி?"

கேட்டதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பாக்கலக்கா" என்றேன்.